ஷீட்டுக் கூரைக்கும் வயதாகும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கும்போதெல்லாம் நிகண்டு, கல்வெட்டு என்று எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை கடைச்சரக்கைப் பற்றி எழுதுகிறேன். இலக்கியம் எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் இருந்தால் என் மனசு ஆறாது. காரணம் போகப் போகத் தெரியும்.

தில்லியில் நெடுநாள் குப்பை கொட்டிய நம்மவர்களுக்கு ‘ஜால்’ என்றால் விளக்கத் தேவையில்லை. பழைய வீடுகளின் நடுவே, தளத்தில் சதுரமாகத் திறப்பு விட்டு, அதன்மேல் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பாய்ச்சியிருப்பார்களே, அதுதான். வடமொழி ஜாலத்திலிருந்து தமிழுக்கு வந்த ‘சாலகம்’ என்ற பழஞ்சொல்லும் இதன் உறவுதான். பின்னல் சன்னல் என்று பொருள். நம்ம ஊர் முற்றத்தில் மழை நேரே இறங்கும், அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்வோம். இங்கே மழையோடு ஆந்திக் காற்றின் புழுதியும், ஜனவரிக் குளிரும், குரங்குக் கூட்டமும் சேர்ந்து இறங்குவதால், வெளிச்சம் மட்டும் வந்தால் போதும் என்று மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு மூடிவிடுகிறோம். டி.டி.ஏ. குடியிருப்பில் தரைத்தளம் வாங்கியவர்கள் பின்பக்கத்து முற்றத்துக்குப் போடுகிறார்கள். மாடிவீட்டுக்காரர்கள் பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் போடுகிறார்கள். அந்தத் தகடுகளை விற்றுப் பிழைத்தவன் நான். 1979-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, சாவ்ரி பஜார் சந்து ஒன்றில் கணக்கு எழுதி, பிறகு சொந்தமாக ஷீட்டுக் கடை வைத்தேன்.

என் வீட்டிலும் 2006-இல் போட்டேன். நாங்கள் சூரியன் சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடிக்கிறவர்கள். குளிர்காலத்தில் தில்லியில் ஐந்தரைக்கே பொழுது இறங்கிவிடும். பின்முற்றத்தில் ஒளி புகும் கூரை போட்டால் அம்மாவுக்குக் கடைசி வெளிச்சம்வரை அடுப்பு வேலை நடக்கும் என்பது கணக்கு. 6 எம்.எம். மல்டிவால் பாலிகார்பனேட் தகடு ஐந்து. இரும்புப் பைப் சட்டம். உயரம் 11 அடி. ஃபிட்டர் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனார். ஏழெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு தகடுகள் மஞ்சளாயின, அப்புறம் தேன் நிறம். “நீங்கள் விற்கிற சரக்குத்தானே, மாற்றக்கூடாதா?” என்று வீட்டில் கேட்டார்கள். கடைக்காரன் வீட்டுக் கூரைதான் கடைசியில் மாறும். மழை ஒழுகவில்லையே என்று தள்ளிப் போட்டேன்.

2019 ஜூன், மழைக்கு முன்னால், மேலே சேர்ந்த வேப்பஞ்சருகையும் மாடிவீட்டிலிருந்து விழுந்த துணிக் கிளிப்புகளையும் வாரிப்போட பீகார்ப் பையன் ஒருவனை ஏற்றினேன். இருபத்திரண்டு வயசு. “பைப் மேலேயே கால் வை” என்று சொல்லித்தான் ஏற்றினேன். ஒரு கால் அரை அடி தள்ளிப் பட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. துவைக்கிற கல்லின் ஓரத்தில் விழுந்தான். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் போயின. உயிர் தப்பியது. வைத்தியச் செலவை நான்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்தத் தகடு மூன்று வருஷமாக நிறம் மாறிக் கிடந்தது எனக்குத் தெரியும். சுத்தியலால் அடித்துக் காட்டி, “கண்ணாடியைவிட இருநூறு மடங்கு அடி தாங்கும்” என்று ஆயிரம் பேருக்கு விற்றவன் நான். அது பொய்யில்லை. ஆனால் அது புதுத்தகட்டின் கணக்கு. பழந்தகட்டுக்கு என்ன கணக்கு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சரக்கைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது. எண்பதுகளில் நாங்கள் விற்றதெல்லாம் ‘ஃபைபர் ஷீட்’. பச்சையிலும் வெள்ளையிலும் நெளிநெளியாக வரும். பாலியெஸ்டர் பிசினில் கண்ணாடி நார் பதித்தது. இதில் வெயிலும் மழையும் மேற்பரப்புப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உள்ளே இருந்த நார் தலைநீட்டும். தடவினால் கையில் குத்தும், அரிக்கும். நாருக்கிடையில் தில்லிப் புகையும் பாசியும் ஏறிக் கறுத்துவிடும். பி.வி.சி. தகடு வேறு மாதிரி: வெயிலில் அதிலிருந்து குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகக் கழன்று போக, மிச்சமிருப்பது மஞ்சளாகிப் பழுப்பாகும், பிறகு பொடியும். அக்ரிலிக் தகடு வெயிலுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். மியூனிக் நகரத்தில் 1972 ஒலிம்பிக் மைதானத்துக்கு அதனால்தான் கூரை போட்டார்கள். ஆனால் பிறவியிலேயே சற்று நொறுங்குகிற குணம் அதற்கு. ஓரத்தில் ஓட்டை போடும்போதே விரிசல் விடும்.

பாலிகார்பனேட் 1953-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸ், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆண்டில் செய்தார்கள். அங்கே மக்ரோலான், இங்கே லெக்ஸான் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பஜாரில் எவன் சரக்கானாலும் லெக்ஸான் என்றே கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. உங்கள் வீட்டு சி.டி. தட்டு, கார் முன்விளக்கின் மூடி, இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் பல, எல்லாம் இதே வம்சம். பழைய காரின் விளக்கு மஞ்சள் பூத்து மங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கூரையிலும் அதே வியாதிதான்.

விபத்துக்குப் பின் நான் செய்த சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006-இல் அதே சரக்கிலிருந்து வெட்டி மிஞ்சிய துண்டு கடைக் கோடவுனில் சுவரோரம் கிடந்தது. அதை எடுத்து மடக்கினேன். வளைந்தது, மடிந்தது, உடையவில்லை. அடுத்து, கூரையில் சுவரை ஒட்டி மேலே அலுமினியப் பட்டைக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பை அறுத்து மடக்கினேன். ஏறக்குறைய அதே மாதிரி வளைந்தது. மூன்றாவது, அதே தகட்டில் வெயில் பட்ட இடம். பாதி வளைவதற்குள் பட்டென்று முறிந்தது. மூன்றுக்கும் வயசு பதிமூன்று. ஆகவே கெடுப்பது காலம் அல்ல, வெயில். அதிலும் சூட்டைவிட, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்.

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் சிக்கல். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழை நீளமாக இருக்கும்வரை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பிய்த்தால் இழுபடும். இழைகளை நறுக்கிவிட்டால் உதிரும். புறஊதாக் கதிர் செய்வது இந்த நறுக்கும் வேலைதான். கூடவே காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அறுந்த முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. சில இடங்களில் அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்து புதுப் பொருள்கள் உண்டாகின்றன. அவை நீல ஒளியை விழுங்குகின்றன. நீலம் போனால் மிச்சம் தெரிவது மஞ்சள். எனவே மஞ்சள் என்பது அழுக்கு அல்ல. தேய்த்துக் கழுவினால் போகாது. உள்ளே இழை அறுந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நெகிழி என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். நெகிழ்ச்சி போனபிறகும் பெயர் மட்டும் மாறாமல் கூரையில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது. கெடுவது மேல்தோல் மட்டும்தான், மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு என்று படித்தேன். அடியில் நல்ல பிளாஸ்டிக் இருக்கும்போது முழுத்தகடும் ஏன் முறிய வேண்டும்? துணிக்கடைக்காரர் நண்பர் ஒருவர் பதில் சொன்னார், தனக்கே தெரியாமல். காடாத்துணியை அவர் கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று கிழிப்பார். வெட்டு இல்லாமல் அந்தத் துணியைப் பயில்வான்கூடக் கிழிக்க முடியாது. நொறுங்கும் மேல்தோலில் விழுகிற நுண்விரிசல் அந்தக் கத்தரி வெட்டு. பாரம் விழுந்ததும் அந்த இடத்தில் இழுவிசை குவிந்து, கீழேயுள்ள நல்ல பாகத்தையும் கிழித்துக்கொண்டு போகிறது. அதிலும் மல்டிவால் தகடு 6 எம்.எம். என்பது வெற்று உயரம். உள்ளே குழல் குழலாகக் காலி. மேல்சுவர் அரை மில்லிமீட்டர்கூட இராது.

இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் அறியாதவர்கள் அல்ல. தகட்டின் ஒரு முகத்தில் புறஊதாக் கதிரை விழுங்கும் மெல்லிய படலத்தைச் சேர்த்தே இழுக்கிறார்கள். சாதாரணமாக 50 மைக்ரான் அளவில் இருக்கும். நல்ல தகடு பத்து வருஷம் தாங்குவது இந்தப் படலத்தால். அந்த முகம் சூரியனைப் பார்க்க வேண்டும். அடையாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பாதுகாப்புக் காகிதத்தில் அச்சடித்திருப்பார்கள். என் வீட்டில் நடந்தது இதுதான்: ஃபிட்டர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தரையிலேயே எல்லாக் காகிதத்தையும் உரித்துவிட்டார். உரித்தபிறகு இரண்டு முகமும் கண்ணுக்கு ஒன்றே. ஐந்தில் இரண்டு குப்புற விழுந்துவிட்டன. மஞ்சளானவை அந்த இரண்டும்தான். பையன் கால் வைத்தது அவற்றில் ஒன்று. எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், 2016-இல் நோட்டு மாற்றிய சமயம் கள்ளநோட்டுப் பார்க்க வாங்கிய நீலவிளக்கு கல்லாவில் கிடந்தது. சில கம்பெனிகள் அந்தப் படலத்தில் ஒளிரும் பொருளைக் கலப்பதுண்டு. இருட்டில் தகட்டின் விளிம்பில் விளக்கைக் காட்டினால் ஒரு முகம் நீலமாக மின்னும். உடைந்த தகட்டில் அந்த மினுக்கம் அடிப்பக்கத்தில் இருந்தது. ஃபிட்டர்மேல் பழிபோட எனக்கு வாய் வரவில்லை. விற்றதும் நான், பக்கத்தில் நின்று டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்.

அடுத்த எதிரி, தகட்டின் ஓட்டம். பாலிகார்பனேட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, 0.065 மில்லிமீட்டர் நீளும். அற்பமாகத் தோன்றுகிறதா? ஜனவரி விடியற்காலையில் தகடு 4 டிகிரியில் இருக்கும். ஜூன் மத்தியானம் வெயிலில் காய்ந்து 64 டிகிரியைத் தொட்டால் வித்தியாசம் 60. மூன்று மீட்டர்த் தகடு 11.7 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்குகிற இரும்புப் பைப் அதே சூட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளும். நடுவிலுள்ள ஒன்பதரை மில்லிமீட்டருக்கு இடம் எங்கே? ஃபிட்டர்கள் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை நேரே அடித்து, பலமாக இருக்கட்டும் என்று முறுக்கிவிடுகிறார்கள். தகடு நகர முடியாமல் ஓட்டையைச் சுற்றி இறுகி, நட்சத்திரம் மாதிரி விரிசல் விடுகிறது. மேகம் வந்து வெயில் மறையும்போது கூரையில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்குமே, பல்லி என்று நினைக்காதீர்கள். தகடு நகர்வதற்குத் தவிக்கிறது. ஓட்டை ஸ்க்ரூவைவிட மூன்று மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும், மேலே அகலமான ரப்பர் வாஷர், கை இறுக்கம் போதும். ரப்பர் என்றால் இ.பி.டி.எம். ரகம், மலிவான மெத்துப் பி.வி.சி. வாஷரிலிருந்து கசியும் எண்ணெய்ச் சத்து தகட்டையே வெடிக்க வைக்கும்.

கறுப்புப் பெயிண்ட் அடித்த பைப்பும் ஆகாது. தகடு வழியே வெயில் புகுந்து பைப்பைச் சுட, தொடும் இடத்தில் தகடு கோடு கோடாகக் கருகுகிறது. தகடு உட்காரும் முகத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் தீர்ந்தது. ஐம்பது ரூபாய் வேலை.

ரசாயனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தின்னர், அசிட்டோன், பி.வி.சி. பைப் ஒட்டும் கம், இவை பட்டால் பாலிகார்பனேட் வெளுத்து வெடிக்கும். ஓட்டை அடைக்கும் சிலிக்கானில் புளிச்ச காடி வாடை வருகிறதென்றால் அது ஆகாது. ‘நியூட்ரல்’ என்று போட்டதை வாங்குங்கள். சிமெண்டுத் தண்ணீரின் காரம் இதன் இழையைக் கரைக்கும், ஆகவே மேல்மாடிக்காரர் பூச்சு வேலை செய்தால் சொட்டியதை அன்றைக்கே கழுவிவிடுங்கள். கழுவ சோப்புத் தண்ணீரும் மெத்துத் துணியும் போதும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். தில்லிப் புழுதி உப்புக்காகிதம் மாதிரி. காரின் விளக்கைப் பாலீஷ் போடுகிறார்களே, அதேபோல் கூரையையும் தேய்த்துத் தருகிறேன் என்று ஆட்கள் வருகிறார்கள். தேய்த்தால் கொஞ்சநாள் பளிச்சென்று இருக்கும். ஆனால் மிச்சமிருந்த பாதுகாப்புப் படலமும் அதோடு போய்விடும், அடுத்த மஞ்சள் முன்னைவிட வேகமாக வரும்.

குழலுக்குள் பச்சையாகப் பாசி, எறும்புச் சாரை, இதுவும் அடிக்கடி வருகிற புகார். குழல்கள் சரிவின் போக்கில் இருக்க வேண்டும், குறுக்கே இருந்தால் தண்ணீர் தேங்கிவிடும். மேல்முனையை அலுமினிய டேப்பால் மூடி, கீழ்முனையில் நுண்துளையிட்ட டேப் ஒட்டினால் உள்ளே வியர்க்கும் நீர் வடியும், பூச்சி புகாது. மீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டராவது சரிவு வேண்டும்.

இனி எங்கள் வியாபாரத்தின் குட்டு ஒன்றை உடைக்கிறேன். பஜாரில் கோபித்துக்கொண்டாலும் சரி. 6 எம்.எம். என்று எல்லோரும் விற்கிறோம். உயரம் அளந்தால் ஆறுதான் வரும். சுவரை மெலிதாக்கி, எடையைக் குறைத்துவிட்டால் விலையும் குறையும், ஆயுளும் குறையும். நல்ல 6 எம்.எம். மல்டிவால் சதுர மீட்டருக்கு 1,300 கிராம் சுமார் இருக்கும். மீட்டர்க் கணக்கு வேண்டாம், ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு கேட்டு வாங்கி, சமையலறைத் தராசில் வையுங்கள். 120 கிராம் வந்தால் சரி. 90 வந்தால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பழைய பிளாஸ்டிக்கை அரைத்த ‘தானா’ கலந்ததும், பாதுகாப்புப் படலமே இல்லாததும் சந்தையில் உண்டு. பத்து வருஷ வாரண்டி என்று வாயால் சொல்வது பத்துப் பைசா பெறாது. எழுத்தில், பில்லோடு, கம்பெனி பெயரோடு வேண்டும். எழுத்திலும் தப்பாக மாட்டினால் செல்லாது என்று ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கூரை எந்த நிலையில் இருக்கிறது? ஏணியில் ஏறி, கீழேயிருந்தே பாருங்கள். புதிதாக மிஞ்சிய துண்டு இருந்தால் பக்கத்தில் பிடித்து நிறம் ஒப்பிடுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைக் கீறல்கள், பைப்மேல் பழுப்புக் கோடு, ஆலங்கட்டி விழுந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புதுத்தகடு சாதாரண ஆலங்கட்டிக்குப் பள்ளம் விழுந்து நிற்கும். ஓட்டை விழுந்தால் தோல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். ஃபைபரானால் நார் தெரிந்ததுமே மாற்றும் நேரம். அதை எந்தக் கபாடிக்காரரும் விரும்பி எடுப்பதில்லை, உருக்க முடியாத பிசின். தயவுசெய்து குளிர்காயக் கொளுத்தாதீர்கள். பாலிகார்பனேட் உருகக்கூடியது, கேட்டுப் பார்த்தால் எடுப்பார்கள்.

இவற்றில் எதைச் செய்யாவிட்டாலும் ஒன்றைச் செய்யுங்கள். புதுசோ பழசோ, ஆளை மேலே ஏற்றாதீர்கள். தகட்டின்மேல் புழுதி மூடியபிறகு எது பைப், எது தகடு என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. டிஷ் ஆன்டெனாக்காரர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர், பட்டம் எடுக்க ஏறும் பிள்ளைகள், இவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? சருகை நீளக் கம்பு விளக்குமாறால் பக்கத்திலிருந்து தள்ளுங்கள். ஏறியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று பைப்புகள்மேல் படியும்படி கனத்த பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான்.

நான் எங்கள் முற்றத்தில் ஐந்து தகட்டையும் கழற்றி 2019 ஆகஸ்டில் புதிதாகப் போட்டேன். தகட்டுக்கு அடியில் பைப்போடு சேர்த்து வெல்டிங் செய்த கம்பிவலை இருக்கிறது. பழைய ஜாலுக்கே திரும்பிவிட்டேன் என்று சொல்லலாம். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, அம்மா இப்போது இல்லை, சாயங்காலச் சமையலை மருமகள் சீக்கிரமே முடித்துவிடுகிறாள். ஓரத்தில் மாட்டிய மாதமும் வருஷமும் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். கடைப் பில்லிலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்; எட்டு வருஷம் ஆனதும் வாடிக்கையாளருக்குப் போன் போகும்.

அந்தப் பையனால் ஏணி ஏற முடியாது. என் கடையில் கவுண்டரில் உட்கார்கிறான். கோடவுன் துண்டு, நிழல் துண்டு, வெயில் துண்டு மூன்றும் அவன் மேசையில் இருக்கின்றன. “இருநூறு மடங்கு தாங்குமா?” என்று கேட்டு வருகிறவர்களிடம் அவன் ஒன்றும் பேசுவதில்லை. மூன்றையும் கையில் கொடுத்து, மடக்கிப் பாருங்கள் என்கிறான்.